டாக்டரிடம் முழுவதும் சொல்லுங்கள்

நகரி என்று ஓர் ஊர். சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. தெருவில் நடந்தால் விசைத்தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அங்கே ஒரு தறிக்காரர் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள்.

அவர் பல வருடம் தறி ஓட்டியவர். ஒரு நாள் நாடா தெறித்து வந்து கண்ணில் அடித்தது. சித்தூர், திருப்பதி, வேலூர் என்று அலைந்தார்கள். அந்தக் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. இன்னொரு கண் நன்றாகத் தெரிகிறது. ஆனால் பழையபடி வேலை செய்ய முடியவில்லை. இழை அறுந்தால் உடனே கண்ணுக்குப் படுவதில்லை. கூலி பாதியாகக் குறைந்தது.

"பென்ஷனுக்கு எழுதிப் போடு" என்று ஊரில் சொன்னார்கள். எழுதிப் போட்டார். அரசு ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். போனார். கண் டாக்டர் பார்த்தார். சில நாள் கழித்துச் சான்றிதழ் வந்தது. அதில் 30 சதவீதம் என்று இருந்தது.

பென்ஷனுக்கு 40 சதவீதம் வேண்டும். 10 சதவீதம் குறைந்ததால் பென்ஷன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

காகிதத்தைப் படித்த மனைவி

அவருடைய மனைவி மாலை வகுப்பில் தமிழ் எழுத்துக் கற்றவர். சான்றிதழோ தெலுங்கிலும் இங்கிலீஷிலும் இருந்தது. அவர் அதை மடித்து வைத்துவிடவில்லை. தெலுங்குப் பள்ளியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டார். ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொன்னார். கேட்டதைத் தன் நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டார்.

பிறகு கணவரிடம் கேட்டார்.

"ஏங்க, இதுல கண்ணு மட்டும்தான் எழுதியிருக்குது. உங்க கால் எங்கே?"

"கால் சின்ன வயசுலேருந்து இருக்குதே. இளம்பிள்ளை வாதம். அதை எதுக்குச் சொல்லணும்?"

"டாக்டர் கேக்கலையா?"

"அவர் கண் டாக்டர். கண்ணைப் பார்த்தார். நானும் சொல்லலை."

அவர் சற்றுச் சாய்ந்து நடப்பார். ஊரில் எல்லாருக்கும் அது பழகிப்போனது. அவருக்கே பழகிப்போனது. அதனால்தான் சொல்லத் தோன்றவில்லை.

மறுபடியும் எழுதிப் போட்டார்கள். இந்த முறை கண், கால் இரண்டையும் எழுதினார்கள். எலும்பு டாக்டர் காலை அளந்து பார்த்தார். காலுக்கு 20 சதவீதம் வந்தது.

முப்பதும் இருபதும் எவ்வளவு?

முப்பதும் இருபதும் ஐம்பது என்று நாம் சொல்வோம். ஊனக் கணக்கில் அப்படி இல்லை. இரண்டு வகை ஊனத்தைச் சேர்ப்பதற்கு அரசு ஒரு தனிக் கணக்கு வைத்திருக்கிறது. நோட்டை எடுங்கள். நாமும் போட்டுப் பார்ப்போம்.

பெரிய எண் 30. சின்ன எண் 20.

முதலில் 90-லிருந்து 30-ஐக் கழியுங்கள். 60 வரும்.

அந்த 60-ஐ 20-ஆல் பெருக்குங்கள். 1,200 வரும்.

1,200-ஐ 90-ஆல் வகுங்கள். 13-க்குச் சற்று மேல் வரும்.

இந்த 13-ஐ 30-உடன் கூட்டுங்கள். 43 வரும்.

ஐம்பது வரவில்லை. ஆனாலும் 40-ஐத் தாண்டிவிட்டது.

பாருங்கள். கண் மட்டும் என்றால் 40 வராது. கால் மட்டும் என்றாலும் வராது. இரண்டையும் சொன்னால் வருகிறது. டாக்டர் எதையும் மறைக்கவில்லை. அவரும் பொய் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டார், அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

முன்பு ஊனமுற்றோர் என்று சொன்னோம். இப்போது தமிழில் மாற்றுத்திறனாளிகள் என்று சொல்கிறோம். இவர்களுக்காக 1995-ல் ஒரு சட்டம் வந்தது. அதில் 7 வகை ஊனம் மட்டும் இருந்தது. 2016-ல் புதிய சட்டம் வந்தது. அது 2017 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. இதில் 21 வகை இருக்கிறது.

கண், காது, கை, கால் மட்டும் அல்ல. பேச்சுக் குறை, அறிவு வளர்ச்சிக் குறை, மன நோய், ஆட்டிசம், தசைச் சிதைவு, நடுக்கு வாதம் ஆகியவையும் உண்டு. தொழுநோய் குணமான பிறகு நிற்கும் ஊனம், ஆசிட் வீச்சால் வந்த ஊனம், தலசீமியா போன்ற ரத்த நோய்கள் ஆகியவையும் உண்டு. "இதெல்லாம் ஊனத்தில் சேராது" என்று யாராவது சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். கேட்டுப் பாருங்கள்.

40 சதவீதம் என்பது முக்கியமான கோடு. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு, உயர் படிப்பில் 5 சதவீத ஒதுக்கீடு ஆகியவை 40-ம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான்.

ஆந்திராவில் பென்ஷனுக்கும் அதே 40 வேண்டும். 2024-ல் இந்தப் பென்ஷனை மாதம் 3,000 ரூபாயிலிருந்து 6,000 ரூபாயாக உயர்த்தினார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும், சக்கர நாற்காலியை விட்டு எழ முடியாதவர்களுக்கும் 15,000 ரூபாய் என்று வைத்தார்கள். குடும்ப வருமானம் போன்ற மற்ற நிபந்தனைகளும் உண்டு. அவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே போக வேண்டும்?

நம் பக்கத்தில் இதைச் 'சதரம் சர்ட்டிபிகேட்' என்று சொல்வார்கள். ஊரில் சச்சிவாலயம் என்று மக்கள் சொல்லும் அலுவலகத்தில் கேளுங்கள். அல்லது மீ சேவா மையத்தில் கேளுங்கள். ஆதார் கார்டைக் கொண்டு போங்கள். பரிசோதனைக்கு ஒரு தேதியும் ஆஸ்பத்திரியும் குறித்துத் தருவார்கள். சித்தூர் மாவட்ட ஆஸ்பத்திரி, திருப்பதி ரூயா ஆஸ்பத்திரி போன்ற அரசு ஆஸ்பத்திரிகளில் இந்தப் பரிசோதனை நடக்கிறது.

எழுதிப் போடும்போதே உள்ள குறைகள் எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் பதிந்தால் அந்த ஒன்றை மட்டும்தான் பார்ப்பார்கள்.

நம்மில் பலர் வைத்தியத்துக்கு வேலூர் போகிறோம். வேலூர் டாக்டர் தந்த காகிதம் நல்ல ஆதாரம். ஆனால் தனியார் ஆஸ்பத்திரிக் காகிதம் ஊனச் சான்றிதழ் ஆகாது. சான்றிதழை அரசு குறித்த டாக்டர்கள்தான் தர வேண்டும். அப்படித் தந்த சான்றிதழ் இந்தியா முழுவதும் செல்லும். பென்ஷன் மட்டும் அந்தந்த மாநிலத்தின் திட்டப்படி வரும்.

இரண்டு டாக்டர்கள், இரண்டு வேலைகள்

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள்.

ஒருவர் உங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர். அவருக்கு உங்களை வருடக் கணக்கில் தெரியும். இன்னொருவர் சதவீதம் போடும் அரசு டாக்டர். அவர் உங்களை அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறார். வெளியே நீண்ட வரிசை நிற்கும். உங்களோடு சில நிமிடம்தான் இருப்பார். உங்கள் பத்து வருடக் கஷ்டம் அந்தச் சில நிமிடத்தில் அவருக்கு எப்படித் தெரியும்? உங்கள் காகிதம் சொல்ல வேண்டும். நீங்களும் சொல்ல வேண்டும்.

முதலில் வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் போங்கள். "சதவீதம் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். அது அவர் வேலை அல்ல. இந்த ஐந்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள்:

1. என்ன நோய், அல்லது என்ன காயம்?
2. எப்போது தொடங்கியது?
3. என்ன வைத்தியம் செய்தார்கள்?
4. இப்போது எதைச் செய்ய முடியவில்லை?
5. இனிக் குணமாகுமா, ஆகாதா?

"ஐயா, பரிசோதனைக்குப் போகிறேன். இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். வாங்கிய பிறகு படித்துப் பாருங்கள். வலது கை என்று எழுத வேண்டிய இடத்தில் இடது கை என்று இருக்கலாம். பேரும் வயதும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். தவறு இருந்தால் அங்கேயே திருத்தி வாங்குங்கள்.

பழைய காகிதம் தொலைந்துவிட்டதா? ஆஸ்பத்திரியில் தங்கி வைத்தியம் பார்த்திருந்தால் எழுதிக் கேளுங்கள். டாக்டர்களுக்கான 2002-ஆம் வருட விதி இருக்கிறது. தங்கிய நோயாளியின் குறிப்புகளை 3 வருடம் வைத்திருக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்தில், அதாவது மூன்று நாளில், தர வேண்டும்.

எதை எப்படி அளக்கிறார்கள்?

இதைத் தெரிந்துகொண்டால் பயம் போகும்.

கை கால் என்றால் மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று பார்ப்பார்கள். தசைக்கு எவ்வளவு பலம் என்று பார்ப்பார்கள். நிற்க, நடக்கச் சொல்வார்கள்.

கண் என்றால் இரண்டு கண்ணையும் பார்ப்பார்கள். ஒரு கண் முழுவதும் போய், மறு கண் நன்றாகத் தெரிந்தால் 30 சதவீதம்தான் வரும். நம் தறிக்காரருக்கு வந்தது அதுதான்.

காது என்றால் கருவி வைத்து அளப்பார்கள். இரண்டு காதுக்கும் கணக்கு உண்டு.

பிள்ளையின் அறிவு வளர்ச்சி என்றால் சோதனை வைப்பார்கள். தாயிடமும் கேட்பார்கள். தானே சாப்பிடுகிறானா? தானே சட்டை போடுகிறானா? பதிலை முன்பே யோசித்து வையுங்கள்.

மன நோய் என்றால் குடும்பத்தார் சொல்வதற்கு மதிப்பு அதிகம். குளிக்கிறாரா? மற்றவர்களோடு பேசுகிறாரா? வேலைக்குப் போகிறாரா? இதையெல்லாம் கேட்பார்கள். கூடவே இருப்பவர்தான் உடன் போக வேண்டும்.

பக்கவாதம் வந்த உடனே பொதுவாகச் சதவீதம் போட மாட்டார்கள். ஆறு மாதம் வைத்தியம் செய்து, பிறகு எவ்வளவு குறை நிற்கிறது என்று பார்ப்பார்கள். அந்த ஆறு மாதச் சீட்டுகளையும் பத்திரமாக வையுங்கள்.

எப்படிச் சொல்ல வேண்டும்?

"ரொம்பக் கஷ்டம் டாக்டர்." எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள். இதிலிருந்து டாக்டருக்கு ஒன்றும் தெரியாது.

"பத்து நிமிடம் நின்றால் கால் மரத்துப் போகிறது. குடம் தூக்க முடியாது. கக்கூசுக்குப் போக மகன் பிடித்துக்கொள்ள வேண்டும்." இப்படிச் சொன்னால் தெரியும்.

நம் ஊரில் இன்னொரு பழக்கம் உண்டு. "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிடுவோம். அது மரியாதைக்காகச் சொல்வது. பரிசோதனை அறையில் அப்படிச் சொல்லாதீர்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஒரு நாள் நன்றாக இருக்கும், ஒரு நாள் எழவே முடியாது என்றால் இரண்டையும் சொல்லுங்கள்.

கூட்டிச் சொல்லவும் வேண்டாம். நடக்க முடிந்தவர் முடியாது என்று நடித்தால் டாக்டருக்குத் தெரிந்துவிடும். பிறகு உண்மையான குறையையும் நம்பமாட்டார். "பணம் கொடு, சதவீதத்தை ஏற்றித் தருகிறேன்" என்று யாராவது வந்தால் விலகிப் போங்கள். ஏமாற்றிச் சலுகை பெற்றால் 2 வருடம் வரை ஜெயில், அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2016-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது.

ஆஸ்பத்திரியில் தெலுங்கில் கேட்பார்கள். தெலுங்கு சரியாக வராது என்றால் தெரிந்த ஒருவரை அழைத்துப் போங்கள். சொல்ல வேண்டியதை முந்தின நாளே ஒரு தாளில் எழுதுங்கள். அவரிடமும் படித்துக் காட்டுங்கள்.

வேலூரில் ஒரு டாக்டர்

டாக்டரிடம் பேசக் கூச்சமாக இருக்கிறதா? ஒரு டாக்டரின் கதையைக் கேளுங்கள்.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் மேரி வர்கீஸ் என்று ஓர் இளம் டாக்டர் இருந்தார். 1954-ல் ஒரு வண்டி விபத்தில் அவருடைய முதுகுத் தண்டு அடிபட்டது. அதற்குப் பிறகு அவரால் நடக்க முடியவில்லை. அவர் வேலையை விட்டுவிடவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு அமெரிக்கா போய்ப் படித்தார். ஊனம் வந்தவர்கள் மறுபடியும் எழுந்து வாழப் பழக்கும் வைத்தியம் அது. திரும்பி வந்து வேலூரில் அதற்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கினார். 1966-ல் அதற்குத் தனிக் கட்டடமும் வந்தது.

அந்த வைத்தியத்தில் நோயாளி சும்மா படுத்திருப்பவர் அல்ல. வீட்டில் எதைச் செய்ய முடிகிறது, எதைச் செய்ய முடியவில்லை என்று அவர்தான் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுத்தான் டாக்டர் வழி பார்ப்பார். பரிசோதனை அறையிலும் அப்படித்தான். உங்கள் உடம்பைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது டாக்டருக்குத் தெரியாது.

சான்றிதழ் வந்த பிறகு

வந்ததும் படியுங்கள், அல்லது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நான்கு விஷயம் பாருங்கள். பேர் சரியா? எல்லாக் குறையும் எழுதியிருக்கிறதா? சதவீதம் எவ்வளவு? நிரந்தரமா, தற்காலிகமா?

தற்காலிகம் என்றால் முடியும் தேதி இருக்கும். அதைக் காலண்டரில் எழுதி வையுங்கள். தேதி முடியும்முன் மறுபடியும் போக வேண்டும்.

சான்றிதழ் இல்லை என்று சொல்லிவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காரணத்தை எழுதித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. முடிவு சரியில்லை என்றால் மேல்முறையீடு செய்யலாம். 2016-ஆம் வருடச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது.

பென்ஷன் வந்துவிட்டது என்று காகிதங்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். 2025-ல் ஆந்திர அரசு பென்ஷன் வாங்குகிறவர்களை மறுபடியும் டாக்டர்களை வைத்துப் பரிசோதித்தது. பலருக்கு நோட்டீசு வந்தது. அவர்கள் மேல்முறையீடு செய்யலாம் என்றும் சொன்னார்கள். அப்போது பழைய காகிதம் வைத்திருந்தவர்கள் எடுத்துக் காட்ட முடிந்தது.

நகரிக்குத் திரும்பி வருவோம். அந்த மனைவி ஒரு பிளாஸ்டிக் பை வாங்கினார். ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே, டாக்டர் எழுதிய தாள், இரண்டு சான்றிதழ் எல்லாவற்றையும் வருட வாரியாக அதில் அடுக்கினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துத் தனியாக வைத்தார். பையின் மேல் ஒரு தாளை ஒட்டி, உள்ளே என்ன என்ன இருக்கிறது என்று எழுதினார்.

கணவர் சிரித்தார். "இதையெல்லாம் யார் கேக்கப் போறாங்க?"

"கேட்டா எடுத்துக் கொடுக்கணும் இல்லையா?" என்றார் மனைவி.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் தெருவில் பரிசோதனைக்குப் போகாதவர்கள் யாராவது இருக்கிறார்களா? ஏன் போகவில்லை?
2. ஒருவருக்குக் காதில் 30, காலில் 30 சதவீதம். இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு? நோட்டில் போட்டுப் பாருங்கள்.
3. உங்கள் வீட்டு ஆஸ்பத்திரிக் காகிதங்கள் இப்போது எங்கே இருக்கின்றன? இன்று தேடி எடுத்து அடுக்கி வையுங்கள்.